மிருதங்கத்தில் எது என்னுடையது?

வயலின் வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்களுக்கு ஒரு வயலின் போதும். கம்பி மாற்றுவார்கள், வில்லுக்கு முடி மாற்றுவார்கள், மற்றபடி முப்பது வருடம் முன்பு நெஞ்சில் சாய்த்துக்கொண்ட அதே பெட்டியைத்தான் இன்றும் சாய்த்துக்கொள்கிறார்கள். ‘என் வயலின்’ என்று அவர்கள் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்பதில் குழப்பமே கிடையாது. மிருதங்கக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் அறையில் வரிசையாக இருப்பவற்றில் ஒன்றின் கட்டை என் வாத்தியார் கொடுத்தது, அதன் வலந்தலை போன மழைக்காலத்தில் போட்டது, தொப்பி அதற்கும் முந்தையது, வார் வேறொரு மிருதங்கத்திலிருந்து கழற்றி மாட்டியது. இதில் எதை ‘என் மிருதங்கம்’ என்பது?

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிருதங்கம் என்பது குடைந்த பலாக்கட்டை. அதன் இரண்டு வாயிலும் தோல் மூட்டு. இரண்டு மூட்டுகளையும் பதினாறு கண்களில் (துளைகளில்) கோத்து இழுத்துப் பிடித்திருப்பது வார். வலது பக்கத்துச் சின்ன வாய் வலந்தலை. அதன் நடுவில் கறுப்பாக வட்டமாக இருப்பது கரணை, சாதம் என்றும் சொல்வோம். இடது பக்கத்துப் பெரிய வாய் தொப்பி. வாசிக்கும்போது மட்டும் அதில் ரவை ஒட்டுவோம். வலந்தலை பாடுகிறவரின் ஷட்ஜத்தோடு, அதாவது ‘ஸ’ சுரத்தோடு, சேர வேண்டும். ஒரு கட்டை, இரண்டு கட்டை சுருதியில் (இங்கே கட்டை என்பது மரமல்ல, சுருதியின் அளவு) பாடும் ஆண் குரலுக்குச் சுமார் 24 அங்குல நீளமுள்ள தக்கு மிருதங்கம். ஐந்து, ஐந்தரை கட்டைப் பெண் குரலுக்கு 22 அங்குல ஹெச்சு மிருதங்கம். ஒன்றை இழுத்து இன்னொன்றாக்க முடியாது. ஆகவே பக்கவாத்தியம் வாசிக்கப் போகிறவனுக்கு ஒரே வாத்தியத்தோடு வாழ்கிற பேச்சே இல்லை.

கட்டை நன்றாக அமைந்தால் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். தோல் அப்படி இல்லை. நிறைய வாசிக்கிறவர் கையில் வலந்தலை சில மாதங்களில் களைத்துவிடும். கரணையில் விரிசல் விழும், ஓரத்தில் பொடி உதிரும், ‘நம்’ சொல் (ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் உண்டு) நிற்காமல் அமுங்கும். மூட்டை மாற்றி எடுத்து வந்தால், கண்ணுக்குப் பழைய மிருதங்கம், கைக்குப் புது ஆள். இந்தப் பரிச்சயமும் பிரிவும் திரும்பத் திரும்ப நடப்பதால் எங்களுக்கு வாத்தியத்தின் மேல் இருப்பது வேறு மாதிரியான பற்று. பொருளின் மேல் பிடிப்பு குறைவு. காதுக்குள் ஒரு நாதம் உட்கார்ந்திருக்கும், அதை எந்தத் தோலிலாவது வரவழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒருவர் வேண்டும். மிருதங்கம் செய்கிறவர்.

வாசிக்கக் கற்ற முதல் பல வருடங்கள் எனக்கு அந்த உலகமே தெரியாது. மிருதங்கம் ‘போகும்’, ‘வரும்’, அவ்வளவுதான். பிறகு ஒரு கட்டத்தில் நானே தூக்கிக்கொண்டு போய், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். வாசிப்பில் எனக்கு நடந்த பெரிய மாற்றம் எந்தக் கச்சேரியிலும் நடக்கவில்லை, அந்தத் திண்ணையில்தான் நடந்தது என்பேன்.

ஒரு மிருதங்கத்துக்கு மூன்று மிருகங்களின் தோல் வேண்டும்: பசு, ஆடு, எருமை. வலந்தலையில் கரணையைத் தாங்குகிற கொட்டுத்தட்டு ஆட்டுத்தோல். அதன் மேல் வளையமாக வெட்டி விடப்பட்டிருக்கும் வெட்டுத்தட்டு மாட்டுத்தோல். நாம் ‘மீட்டு’ வாசிக்கிற இடம் அது. வாருக்கு எருமை. தோலை எடுத்ததும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விரலால் தடவுவார், ஒரு ஓரத்தைச் சுண்டுவார். எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன். “எங்க தடிப்பு, எங்க மெலிசுன்னு பாக்குறேன் சார். ஆட்டுக்கு முதுகெலும்பு போற கோடு தெரியுதா? அது நடுவுல வரணும்.” எனக்கு அன்றைக்கு ஒரு கோடும் தெரியவில்லை. பல தடவை போய் வந்த பிறகுதான் தெரிந்தது.

கரணை போடுவதைப் பார்க்க வேண்டும். வேகவைத்த சோற்றோடு ஒரு கறுப்புக் கல்லின் பொடியைச் சேர்த்து நன்றாகப் பிசைந்த விழுதுதான் அது. அந்தக் கல்லில் இரும்புச் சத்து இருக்கிறது, அதனால் கனம். ஒரு சிட்டிகை வைத்துப் பரத்தி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, மறுபடி ஒரு சிட்டிகை. நடுவில் தடிப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெலிவு. இடையிடையே தட்டிக் கேட்பார். அடுத்த பூச்சை எவ்வளவு போடுவது என்பதை அந்தத் தட்டல்தான் சொல்கிறது, அளவுகோல் எதுவும் கிடையாது.

இதன் அருமை புரிய கொஞ்சம் இயற்பியல் வேண்டும். இழுத்துக் கட்டிய சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் அதன் முழு மடங்குகளாக வராது. முதலாவதே சுமார் 1.59 மடங்கில் வரும். அதனால்தான் பெரும்பாலான முரசுகளில் தாளம் கேட்கிறது, சுருதி கேட்பதில்லை. நடுவில் சரியான அளவில் கனத்தை ஏற்றினால் அந்த மேல்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையில் வந்து நிற்கின்றன. சர் சி.வி.ராமன் இதைப் பற்றி 1920இல் நேச்சர் இதழில் உடன் பணியாற்றிய ஒருவரோடு சேர்ந்து எழுதினார். 1934இல், நோபல் பரிசு வாங்கி நாலு வருடம் கழித்து, மறுபடி விரிவாக எழுதினார். தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் ஒன்றோடொன்று கூடி ஐந்தே சுரங்களாக ஒழுங்குபடுகின்றன என்று காட்டினார். வெற்று விரலால் தட்டிக் கேட்டுக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததைத்தான் அவர் கணக்கில் எழுதிக் காட்டினார். ராமனை எல்லோருக்கும் தெரியும். கரணை போட்டவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. மிருதங்கம் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். வாசித்தவர்கள் பெரும்பாலும் பிராமணர்களும் இசை வேளாளர்களும். வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், காலில் பட்டால் பதறுவோம், சரஸ்வதி பூஜையில் பொட்டு வைப்போம். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்திக் கட்டியவரை வீட்டுக்குள் உட்காரச் சொல்லாத வீடுகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அறுபது வயதுக்காரர் பன்னிரண்டு வயது மாணவனை ‘சார்’ என்பார், அந்தப் பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், பக்கத்தில் நிற்கும் பெற்றோர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் என் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: முதல் நாளே அண்ணன், ஐயா, மாமா எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லிப் பழகுங்கள். வாத்தியத்துக்குக் கொடுக்கிற மரியாதை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் கிடையாது. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து பற்றிப் பல காலம் வாசிப்பவர்கள் வட்டத்துக்கு வெளியே பேச்சே இல்லை. இருவரும் பல வருடம் சேர்ந்து தேடிய நாதம் அது. இப்படி வேண்டும் என்று கேட்டவர் பாதி, கட்டியவர் பாதி என்று சொன்னால் அதில் மிகை இல்லை என்று நினைக்கிறேன். பெரிய வித்வான்களின் கதைகளில் எல்லாம் இப்படி ஒருவர் திரைக்குப் பின்னால் இருப்பார்.

சரி, செய்கிறவரோடு எப்படிப் பேசுவது? இது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. “நாதம் இல்லை”, “கொஞ்சம் இனிமையா வேணும்” என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவர் தலையாட்டுவார், அவருக்குத் தோன்றியதைச் செய்வார். வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கண்ணுக்கு நேரே மீட்டினால் நிற்கிறது, எதிர்க் கண்ணில் நிற்கவில்லை. சாப்பு என்கிற வலந்தலை அடியை வாசித்தால் அடைக்கிறது. தொப்பியில் தொம் விழுந்ததும் ஒரு உறுமல் கூடவே வருகிறது. இப்படி இடம், சொல், விளைவு மூன்றையும் காட்டினால் அடுத்த நிமிடம் அவர் கை அங்கே போகும். சில சமயம் மூட்டையே மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவோம். கொட்டுத்தட்டுக்கும் வெட்டுத்தட்டுக்கும் நடுவில் செருகிய குச்சி ஒன்று நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். குச்சிக்குப் பதில் கல்லைப் பொடித்த கப்பி போட்ட மிருதங்கமும் உண்டு. என் காதுக்குக் கப்பியின் ரீங்காரம் ஆழமாகக் கேட்கிறது, குச்சியில் சொற்கள் துல்லியமாக விழுகின்றன. இரண்டில் எது உயர்வு என்ற சண்டையில் நான் இல்லை.

தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு போங்கள், உங்களுக்கு எந்த சுருதியில் வேண்டுமோ அதில் வைத்தே பேசுங்கள். இன்னொருவர் செய்த மிருதங்கத்தைப் புகழ்ந்து இவருக்கு ரோஷம் ஏற்றலாம் என்று பார்க்காதீர்கள், வேலை கெடும். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கரணை உலர வெயில் வேண்டும். ஐப்பசி மழையில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்தினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கரணைதான் கிடைக்கும், அது வெடிக்கும். மார்கழியில் வாசிக்க வேண்டுமென்றால் புரட்டாசிக்குள் மூட்டு வேலையை முடித்துக்கொள்வது என் வழக்கம். பணத்தை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே சங்கடம்தான்.

புது மூட்டு வந்ததும் ஆசையாக முழு பலத்தோடு சாப்பு அடிக்கத் தோன்றும். வேண்டாம். புதுத் தோல் புதுச் செருப்பு மாதிரி, முதலில் அது சொல்கிறபடி நாம்தான் நடக்க வேண்டும். முதல் சில நாள் சுருதியை வேண்டிய அளவுக்கு ஏற்றாமல் கொஞ்சம் கீழே வைத்து, ‘த தி தொம் நம்’ போன்ற முதல் பாடங்களை விளம்ப காலத்தில், மெதுவாக, வாசிக்கலாம். விரல் எங்கே விழுந்தால் எது பேசுகிறது என்று அப்போது தெரியும். சில தோலில் மோதிர விரலைக் கரணை ஓரத்தில் மிக லேசாக வைத்தாலே ‘நம்’ பாடும், சிலவற்றில் கொஞ்சம் அழுத்தம் கேட்கும். பிறகு நாளுக்கு நாள் சுருதியை ஏற்றிக்கொண்டு போகலாம். இதைச் செய்கிற பொறுமை இருந்தால் தோல் கூடுதலாக நாள் வரும்.

சுருதி சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கல்லும் சின்ன மரக்கட்டையும் கையில் இருக்கும். மூட்டின் பின்னலில் மேலிருந்து கீழே தட்டினால் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் பதினாறு கண்ணையும் வரிசையாகச் சுற்றித் தட்டத் தோன்றும். முதலில் கேளுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் மீட்டிப் பார்த்து, எது தாழ்ந்திருக்கிறது, எது தூக்கி நிற்கிறது என்று மனசில் குறித்துக்கொண்டு, தாழ்ந்ததை மட்டும் தொடுங்கள். ஒன்றைத் தொட்டதும் அதன் எதிர்க் கண்ணை மறுபடி கேளுங்கள், அங்கேயும் அசைந்திருக்கும். சேர்ந்த பிறகு இரண்டு நிமிடம் நன்றாக வாசித்துத் தோலை உட்கார வைத்து, மறுபடி ஒரு சுற்று சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைச் செய்யாதவர்கள்தான் ராகத்துக்கு நடுவில் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு மிருதங்கம் எந்த சுருதிக்குக் கட்டப்பட்டதோ அதிலிருந்து அரைக் கட்டைக்கு மேல் ஏற்ற ஆசைப்படக் கூடாது. ஏறத்தான் ஏறும், ஆனால் நாதம் செத்துக் கணீரென்று வெறும் தகரச் சத்தம் மிஞ்சும்.

தோலுக்குக் காற்றில் இருக்கிற ஈரம் தெரியும். மழை நாளில் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசி அரங்கில் உலர்ந்து ஏறும். ஒரு தடவை வெளியே நல்ல மழை, உள்ளே குளிர்சாதனம் முழு வேகத்தில். அறையில் சேர்த்த சுருதி மேடை ஏறுவதற்குள் நகர்ந்துவிட்டது. மறுபடி சேர்த்து முடித்தால், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, “அரைக் கட்டை இறக்கிக்கலாமா அண்ணா?” என்று கேட்கிறார். திரை விலக நாலு நிமிடம். கூட எடுத்துப் போயிருந்த இரண்டாவது மிருதங்கம் அந்த சுருதிக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். அதன் சாப்பு என்றைக்குமே அவ்வளவு பிரமாதம் கிடையாது. அன்றைக்குத் தனி ஆவர்த்தனத்தில், அதாவது மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதியில், சாப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, மீட்டுச் சொற்களையும் தொப்பியையும் நம்பி வாசித்தேன். இப்போதும் தெரிந்தவர்கள் அந்தத் தனியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அந்தத் தோலிடம் இருந்ததைத்தான் வாசித்தேன்.

அதற்குப் பிறகு இது எனக்கு ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது. வீட்டில் நல்ல மிருதங்கத்தை மூடி வைத்துவிட்டு, களைத்துப்போன ஒன்றை எடுத்து அரை மணி நேரம் வாசிப்பேன். எது வரவில்லை என்று புலம்பாமல், எது வருகிறது என்று தேடி அதை வைத்தே ஒரு கோர்வை, அதாவது சொற்களைக் கோத்த ஒரு தொடர், அமைப்பேன். மாணவர்களையும் மிருதங்கம் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்கிறேன். ஒரே வாத்தியத்தில் வளர்ந்த கை அதன் குறைகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கும். தோல் மந்தமாக இருந்தால் பையன் ஓங்கி அடிக்கப் பழகியிருப்பான், நல்ல மிருதங்கம் கையில் வந்த பிறகும் அடி குறையாது. மைக்கும் இதே கெடுதலைச் செய்கிறது. மேடையில் பக்கத்து ஒலிப்பெட்டியிலிருந்து வருவதைத்தான் நாம் கேட்கிறோம், தோல் பேசுவதைக் கேட்பதில்லை. மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார் என்றால் காரணம் இருக்கிறது. நம்மால் அரங்கத்தில் அப்படி இருக்க முடியாது. தினசரி சாதகத்தையாவது வெறும் தோலோடு செய்யலாம்.

தொப்பி பக்கம் எப்போதும் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இழுத்தால் அறுபடாமல் வருகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொப்பித் தோலை லேசாக ஈரப்படுத்தி நடுவில் ஒட்டி, விரலால் பரத்துவோம். ரவை கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். வலந்தலையின் ஷட்ஜத்துக்குக் கீழ் ஸ்தாயியில் அது பேச வேண்டும். குமுக்கி என்கிற தொப்பியின் குழைந்த நாதம் வழுக்கிக்கொண்டு வருவதும் வராததும் இந்த ஒரு உருண்டையில்தான் இருக்கிறது. ஏசி காற்றில் ரவை காய்ந்து இறுகும்போது தொப்பி ‘டப்’ என்று கத்த ஆரம்பிக்கும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இரண்டு உருப்படிக்கு நடுவே விரலை நனைத்துத் தடவிக்கொள்ளலாம். கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, காய விட்ட பிறகுதான் உறையில் போட வேண்டும். களைப்பில் அப்படியே மூடி வைத்தால் கரப்பானும் எலியும் வரும். ரவையைத் தின்ன வருகிற எலி ரவையோடு நிறுத்திக்கொள்ளாது.

வாத்தியார் கொடுத்த கட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது என்னிடம் வந்த பிறகு, கேட்டவர்கள் பலர் “அப்படியே உங்க வாத்தியார் நாதம்” என்றார்கள். எனக்கும் குளிர்ந்தது. மூட்டு போட்டுக் கொடுத்த அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஆடு போன மாசத்து ஆடு சார்” என்றார். அப்புறம் அவரே, கட்டையின் உள்பக்கத்தில் கையை விட்டுக் காட்டினார். குடைவு சீராக இருந்தது, எந்த இடத்திலும் மரம் தடித்து நிற்கவில்லை. தொப்பியின் குமுறலில் அந்தக் குடைவுக்குப் பங்கு உண்டு, மரத்தின் வயதுக்கும் கொஞ்சம் உண்டு. மீதி புதுத் தோல், புதுக் கரணை, என் கை. ‘வாத்தியார் நாதம்’ என்று அவர்கள் கேட்டது பெரும்பாலும் அவரிடம் நான் கற்ற விரல் வைப்பாக இருக்கும்.

பழைய பெரிய வாத்தியங்கள் மேல் இருக்கும் மோகம் உலகம் முழுக்க உண்டு. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு வயலின் போட்டி நடந்தபோது, 21 வயலின் கலைஞர்களைக் கண் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு வயலின்களை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை, புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர்கள் செய்தவை: இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. அதிகம் பேர் விரும்பியது புதிய ஒன்றை. எல்லாவற்றிலும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. இதைப் படித்துவிட்டு என் வாத்தியார் கட்டையை நான் விற்கப்போவதில்லை. ஆனால் யாராவது ‘இன்னார் வாசித்த கட்டை’ என்று பெரிய விலை சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்த்த பிறகு பையில் கை விடுங்கள் என்று சொல்ல இது உதவுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பண்ருட்டிப் பலாவா என்று கேட்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கட்டையின் இரண்டு வாயையும், கிடைத்தால் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பார்த்து வெடிப்பு, புழு ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது இன்னும் முக்கியம்.

வாத்தியத்தைக் கவனிக்கிற அளவுக்கு உடம்பை யாரும் கவனிப்பதில்லை. விரல் நுனி தடிக்கும், அது சரி. மணிக்கட்டில் வலி தங்கினால் அது சரியில்லை. தூக்கி அடிக்கிற தோள்பட்டைப் பழக்கம் இருபது வயதில் தெரியாது, நாற்பதில் தெரியும். மிருதங்கத்தைத் தாங்குகிற காலின் கணுக்கால் மரத்துப்போகும். அடியில் துணி மடித்துப் போட்டுக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இடது கைக்காரப் பிள்ளைகளை வலது கைக்கு மாற்றாதீர்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவர் உட்காரும்போது வயலின்காரர் இடம் மாற வேண்டியிருந்தது, அதில் சிக்கல்களும் வந்தன. வாசிப்பில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு நட்டு போல்ட்டு மிருதங்கம் வரம். ஸ்பானர் ஒன்று போதும், தயாராகச் செய்த மூட்டைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். வாரில் கட்டியதன் நெகிழ்வு அதில் இல்லை என்று எனக்குத் தோன்றும், ஆனால் மூட்டு வேலை தெரிந்தவரே இல்லாத ஊரில் இருக்கிறவரிடம் அதைச் சொல்வது நியாயமில்லை. பைபர் உடலும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கங்களும் வந்துவிட்டன. மழைக்கு அசையாது, சாதகத்துக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது, தோல் வேண்டாம் என்பவர்களுக்கு வழி திறக்கிறது. நான் கச்சேரிக்கு இன்னும் தோல்தான். விமானத்தில் போடும்போது சுருதியைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு தலையையும் துணியால் மூடி, கெட்டியான பெட்டிக்குள் வைக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் உடனே ஏற்றாமல் ஒரு இரவு அந்த ஊர்க் காற்றில் விட்டுவிடுகிறேன்.

குழந்தைக்கு முதல் மிருதங்கம் வாங்க வருகிற பெற்றோர் என்னிடம் கேட்பது அளவும் விலையும். நான் முதலில் பிள்ளையை உட்கார வைத்து, இரண்டு கையும் இரண்டு தலையின் நடுவையும் தோள் தூக்காமல் தொடுகிறதா என்று பார்ப்பேன். தொடாவிட்டால் சின்னக் கட்டை, சுருதி கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, நல்ல பழைய கட்டையில் புது மூட்டு போட்டால் போதும். முதல் மூட்டு தேய்ந்ததும் அதை மாற்றப் பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தரையில் வைக்க ஒரு துணிப் பிரிமணை, கைப்பிடி உள்ள பஞ்சுறை, துடைக்க ஒரு பருத்தித் துணி, இவற்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். காரின் டிக்கியில் மதிய வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாரைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். வார் தளர்ந்தால் அந்தக் கண்தான் முதலில் சுருதி இறங்கும்.